குறி எப்போது மாறும், எப்போது மாறாது?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. போன வருடம் வரை கணக்கில் நன்றாகத்தான் இருந்தான். சமன்பாடு வந்ததிலிருந்து தடுமாறுகிறான். "அந்தப் பக்கம் கொண்டுபோனா குறி மாறும், அவ்வளவுதானேம்மா" என்று விதியைச் சரியாகச் சொல்கிறான், ஆனால் விடை தப்பாக வருகிறது. அவன் நோட்டிலிருந்து மூன்று கணக்குகளை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். (அவன் எழுதும் எக்ஸும் பெருக்கல் குறியும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.) வார்த்தைக் கணக்கு என்றால் தொடவே மாட்டேன் என்கிறான். நான் பத்தாவது வரை படித்தவள். நானே சொல்லித்தர முடியுமா, டியூஷன் வைக்க வேண்டுமா?

பதில்: நீங்களே சொல்லித்தரலாம். பத்தாவது வரை படித்தது இதற்குத் தாராளம். மூன்று கணக்குகளையும் பார்த்தேன். கூட்டல், பெருக்கலில் பிழை இல்லை. மூன்றும் வெவ்வேறு தவறு போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: பையன் எண்களை நகர்த்துகிறான், எண்களைக் கொண்டு என்ன செய்கிறோம் என்று பார்ப்பதில்லை.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. இந்தப் பதிலில் எக்ஸ் வரவேண்டிய இடங்களில் ‘யா’ என்று எழுதுகிறேன். பெருக்கல் குறியோடு குழம்பாது. அதோடு, இது இந்தியக் கணிதத்தில் முன்பே புழங்கிய குறியீடு. பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்-தாவத்’ என்று பெயர், ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள். கணக்குப் போடும்போது அதை ‘யா’ என்று சுருக்கிக்கொள்வார்கள். பையன் நோட்டில் எக்ஸே இருக்கட்டும்.

முதல் கணக்கு, −4யா = 20. அடுத்த வரியில் யா = 20/4 என்று எழுதி, 5 என்று முடித்திருக்கிறான். −4 இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது, ‘போனால் குறி மாறும்’, ஆகவே +4 ஆகிவிட்டது. கவனியுங்கள், அவன் விதியை மீறவில்லை. விதிப்படிதான் நடந்திருக்கிறான். அவனிடம் இருப்பது பாதி விதி.

−4யா என்பதில் −4 கூட்டப்பட்டு நிற்கவில்லை, யா-வைப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது. பெருக்கலை நீக்க வகுக்க வேண்டும், இரு பக்கங்களையும் அதே −4-ஆல். 20 ÷ (−4) = −5. குறியை மாற்றும் வேலையே இங்கே இல்லை. எதிர்ப்பக்கம் போகும்போது மாறுவது செயல்தான்: கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும், பெருக்கல் வகுத்தலாகும், வகுத்தல் பெருக்கலாகும். கூட்டல் கழித்தலில் செயலும் குறியும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் ‘குறி மாறும்’ என்று சொன்னாலும் காரியம் நடந்துவிடுகிறது. பெருக்கல் வந்ததும் விதி காலை வாருகிறது.

உண்மையில் எதுவும் எங்கும் போவதும் இல்லை. யா + 7 = 15 என்பதில் இரு பக்கமும் 7 கழிக்கிறோம். இடப்பக்கம் 7-உம் −7-உம் சேர்ந்து தீர்ந்துபோகின்றன. வலப்பக்கம் 15 − 7 நிற்கிறது. இடையில் உள்ள வரியை எழுதாமல் விட்டுவிட்டுப் பார்த்தால் 7 குதித்து அந்தப் பக்கம் போய் −7 ஆனது போலத் தோன்றும். பாடநூல் இதை இடமாற்று முறை என்று சொல்லித்தருகிறது. பழகியவர்களுக்கு நல்ல குறுக்குவழி, புதிதாகக் கற்பவனுக்குக் குழி.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ‘அந்தப் பக்கம்’ என்ற சொல்லையே வீட்டில் தடை செய்யுங்கள். 3யா + 5 = 20 என்ற சின்னக் கணக்கையும் இப்படித்தான் எழுத வேண்டும்:

3யா + 5 = 20
3யா + 5 − 5 = 20 − 5
3யா = 15
3யா/3 = 15/3
யா = 5

முணுமுணுப்பான். எழுதட்டும். முதலில் 5-ஐக் கழிப்பதா, 3-ஆல் வகுப்பதா என்று கேட்டால், மளிகைக் கடைப் பொட்டலத்தைக் காட்டுங்கள். கடைசியாகச் சுற்றிய நூலைத்தானே முதலில் அவிழ்க்கிறோம்? யா-வை முதலில் 3-ஆல் பெருக்கி, பிறகு 5 கூட்டியிருக்கிறார்கள். அவிழ்க்கும்போது 5 முதலில், 3 பிறகு. வகுத்தலை முதலில் செய்தாலும் தவறில்லை, ஆனால் எல்லா உறுப்புகளையும் வகுக்க வேண்டும்: யா + 5/3 = 20/3. பிள்ளைகள் 5-ஐ வகுக்க மறந்து யா + 5 = 20/3 என்று எழுதிவிடுவார்கள்.

சமன்பாடு என்றதும் தராசு படம் போட்டுக் காட்டுவது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அது போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். −4யா-வை எந்தத் தட்டில் வைப்பது? குறை எண்களுக்குத் தராசு உதவாது.

இரண்டாவது கணக்கு, 5 − 2(யா − 3) = 1. அவன் எழுதியது 5 − 2யா − 6 = 1. அங்கிருந்து −2யா = 2, யா = −1. அடைப்புக்குறியைத் திறக்கும்போது 2-ஐ மட்டும் உள்ளே எடுத்துப் போயிருக்கிறான், அதன் முன்னிருந்த கழித்தலை வாசலிலேயே விட்டுவிட்டான். உள்ளே போவது −2. (−2) × யா = −2யா, (−2) × (−3) = +6. ஆகவே 5 − 2யா + 6 = 1, அதாவது 11 − 2யா = 1.

இங்கே இன்னொரு தடுமாற்றம் வரும்: −2யா-வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இதற்குச் சொன்ன வழிதான் ‘அல்-ஜப்ர்’, குறைந்ததை நிரப்பி முழுமையாக்குதல். ஆல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. 11-இலிருந்து 2யா குறைந்து நிற்கிறது. அந்தக் குறையை இரு பக்கமும் 2யா கூட்டி நிரப்புங்கள்: 11 = 1 + 2யா. இனி 10 = 2யா, யா = 5. கெழு, அதாவது யா-வைப் பெருக்கி நிற்கும் எண், குறை எண்ணாக நிற்காததால் குறிப்பிழைக்கு இடமே குறைகிறது. ‘11 = 1 + 2யா’ என்று யா வலப்பக்கம் வந்தால் சில பிள்ளைகள் பதறுவார்கள். சமக்குறிக்கு இடம் வலம் கிடையாது. 5 = யா என்றாலும் யா = 5 என்றாலும் ஒன்றுதான்.

இதே கணக்கில் வேறு சிலர் 5 − 2 = 3 என்று முதலில் கழித்து 3(யா − 3) = 1 என்று எழுதுவார்கள். உங்கள் மகன் அதைச் செய்யவில்லை, நல்லது. 2 அடைப்போடு ஒட்டிய பெருக்கல், அது முடிந்த பிறகுதான் கழித்தல்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த தவறு, ஏனென்றால் விடை மயிரிழையில் தப்பியிருக்கிறது. யா/3 − (யா − 2)/4 = 1. பகுதிகள் 3, 4. மீச்சிறு பொது மடங்கு 12. அதுவரை சரி. அடுத்து அவன் எழுதியது 4யா − 3யா − 6 = 1, யா = 7. இதில் இரண்டு பிழைகள். ஒன்று, 12-ஆல் பெருக்கியது இடப்பக்கத்தை மட்டும். வலப்பக்கத்து 1 அப்படியே நிற்கிறது, அது 12 ஆகியிருக்க வேண்டும். பின்னமாகத் தெரியாத உறுப்பைப் பெருக்க மறப்பது இந்தப் பாடத்தில் மிகச் சாதாரணம். இன்னொன்று, பின்னக் கோடு கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி. கோடு மறைந்ததும் அடைப்பை வெளிப்படையாகப் போட்டுவிட வேண்டும்:

4யா − 3(யா − 2) = 12
4யா − 3யா + 6 = 12
யா = 6

இப்படிப்பட்ட கணக்கில் முதல் வேலையாகத் தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு இருந்தால் பென்சிலால் அடைப்பு போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் உறுப்பின் தலையிலும் ‘× 12’ என்று எழுதட்டும், வலப்பக்கத்து 1 உட்பட. குறுக்குப் பெருக்கல் என்ற இன்னொரு குறுக்குவழியும் அவன் கைவசம் இருக்கும். இரு பக்கமும் ஒரே ஒரு பின்னம் இருந்தால் மட்டுமே அது செல்லும். மேலே உள்ள கணக்கில் இடப்பக்கம் இரண்டு பின்னங்கள், எனவே ஆகாது.

இனி, விடை நூலைப் பார்க்காமலே தவறைப் பிடிக்கும் முறை. பள்ளியில் ‘சரிபார்த்தல்’ என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். அதைச் சடங்காகச் செய்கிறார்கள், அல்லது இரண்டாவது வரியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். விடையைப் போட வேண்டியது கேள்வியில் கொடுத்த மூல வரியில். 7-ஐப் போட்டால் 7/3 − 5/4 = 28/12 − 15/12 = 13/12. ஒன்றுக்கு மிக அருகில், ஆனால் ஒன்று இல்லை. 6-ஐப் போட்டால் 2 − 1 = 1.

தப்பு என்று தெரிந்ததும் அழித்துவிட்டு மறுபடி போடத் தேவையில்லை. அந்தத் தப்பான விடையையே ஒவ்வொரு வரியிலும், கீழிருந்து மேலாக, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 4யா − 3யா − 6 = 1 என்ற வரியில் 7-ஐப் போட்டால் 28 − 21 − 6 = 1, பொருந்துகிறது. அதற்கு மேல் வரியில் பொருந்தவில்லை. ஆக, தவறு அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில். இரண்டாவது கணக்கிலும் அப்படியே: −1-ஐ 5 − 2யா − 6-இல் போட்டால் 5 + 2 − 6 = 1, சரி. மூல வரியில் 5 − 2(−4) = 13. அடைப்பைத் திறந்த இடத்தில்தான் கோளாறு. உங்களுக்குக் கணக்கு மறந்திருந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியும். எண்ணைப் போட்டுக் கூட்டிக் கழித்தால் போதும். பையனே தன் தவறைக் கண்டுபிடிப்பதும் நீங்கள் சுட்டிக்காட்டுவதும் ஒன்றல்ல.

நோட்டில் எழுதும் ஒழுங்கும் பாதி வைத்தியம். ஒரு வரிக்கு ஒரு சமக்குறிதான், அவை ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். 3யா + 5 = 20 − 5 = 15 ÷ 3 = 5 என்று ரயில் பெட்டி போலக் கோத்து எழுதுகிறானா பாருங்கள். 20 − 5-உம் 15 ÷ 3-உம் எப்படிச் சமம்? தொடக்க வகுப்பில் ‘=’ என்றால் ‘விடை இதோ’ என்று பழகிவிடுகிறார்கள். ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் இந்தக் குறியைப் போட்டபோது சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்ததே, அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றுதான். எக்ஸ் விஷயத்தில்: இரண்டு வளைவுகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போல எழுதப் பழக்குங்கள், பெருக்கலுக்கு நேர்கோடுகள். இல்லாவிட்டால் சமன்பாட்டுக்குள் பெருக்கல் குறியே வேண்டாம், அடைப்பு போதும்.

இரு பக்கமும் யா இருக்கும் கணக்குகளுக்கு ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் அழகான ஒரு விதி உண்டு. இரண்டு பேரிடம் ஒரே விலையுள்ள குளிகைகளும் (விலை தெரியாத பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) கொஞ்சம் காசும் இருக்கின்றன, மொத்தச் செல்வம் சமம். காசுகளின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை. ஒருவரிடம் 7 குளிகை, 12 காசு, மற்றவரிடம் 4 குளிகை, 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 7யா + 12 = 4யா + 30. இருவரிடமிருந்தும் 4 குளிகையை எடுத்துவிடுங்கள், 12 காசையும் எடுத்துவிடுங்கள். 3யா = 18, விலை 6. இருவரிடமும் 54. எடுக்கும்போது குறைவான குளிகை உள்ள பக்கத்தைப் பார்த்து எடுத்தால் கெழு மிகை எண்ணாகவே இருக்கும்.

குளிகை வைத்தே விபரீதக் கணக்குகளும் விளங்கும். இருவரிடமும் 2 குளிகை, ஒருவரிடம் 3 காசு, மற்றவரிடம் 5 காசு என்றால் செல்வம் ஒருநாளும் சமமாகாது: 2யா + 3 = 2யா + 5, கடைசியில் 3 = 5. தீர்வு இல்லை. 2(யா + 3) = 2யா + 6 என்றால் 6 = 6 என்று வரும். விலை எதுவானாலும் சமம், அது முற்றொருமை. 5யா + 4 = 2யா + 4 என்பதில் 3யா = 0, ஆகவே யா = 0. இதைத் ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். பூச்சியமும் ஒரு விடைதான். 3யா = 5யா என்று வந்தால் யா-வால் வகுத்துவிடக் கூடாது, 3 = 5 என்று நின்றுவிடும். யா பூச்சியமாக இருக்கலாம், பூச்சியத்தால் வகுக்க இயலாது. 3யா-வைக் கழித்துப் போனால் 0 = 2யா, யா = 0 என்று சரியாக வரும்.

வார்த்தைக் கணக்குக்கு வருகிறேன். அவன் பயப்படுவது கணக்குக்கு அல்ல, வாக்கியத்துக்கு. இடமிருந்து வலமாக வரிசைப்படி எழுதிக்கொண்டே போகும் பழக்கம் தமிழில் ஏமாற்றும். ‘7-இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க’ என்றால் 7 − யா. ‘7-ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க’ என்றால் யா − 7. இரண்டிலும் 7 முதலில் வருகிறது. ஆனால் ‘இலிருந்து’ எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் முன்னால் நிற்கும், ‘ஐ’ ஒட்டியது பின்னால் போகும். ‘விட’ என்பதும் அப்படி. ‘கமலாவிடம் உள்ள பணம், ராணியிடம் உள்ளதை விட 50 ரூபாய் அதிகம்’ என்றால் 50-ஐக் கூட்ட வேண்டியது ‘விட’ ஒட்டியவரிடம்: கமலா = ராணி + 50. ‘அதிகம்’ என்ற சொல் கமலாவைப் பற்றியது என்பதால் அவள் பக்கமே 50-ஐக் கூட்டிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் ராணிக்கு 100 ரூபாய் என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேற்றுமை உருபைப் பென்சிலால் வட்டமிடுவது தமிழ்ப் பாடத்தில் மட்டும் செய்யும் வேலை அல்ல.

ஒரு மாதிரி: தாயின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்காகும். தாயின் இப்போதைய வயது என்ன? சமன்பாடு எழுதும் முன் சின்ன அட்டவணை போடட்டும். இப்போது மகன் யா, தாய் 3யா. 12 ஆண்டுகளுக்குப் பின் மகன் யா + 12, தாய் 3யா + 12. ஆகவே 3யா + 12 = 2(யா + 12). யா = 12. அட்டவணை இல்லாமல் போட்டால் 3யா + 12 = 2யா என்று எழுதி, மகனுக்கு −12 வயது என்று முடிப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் வயது கூடுகிறதா என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே திருத்துவான். இன்னொரு கண்ணி: கேட்டது தாயின் வயது. யா = 12 என்று கோடு போட்டு நிறுத்திவிடக் கூடாது, விடை 36. சரிபார்ப்பதும் சமன்பாட்டில் அல்ல, கதையில்: 12 ஆண்டுகளுக்குப் பின் 24, 48, இரண்டு மடங்கு.

பயிற்சிக்குப் புத்தகம் தீர்ந்துவிட்டால் நீங்களே கணக்கு உண்டாக்கலாம். விடையிலிருந்து தொடங்குங்கள். யா = −2. இரு பக்கமும் 5-ஆல் பெருக்குங்கள்: 5யா = −10. 7 கூட்டுங்கள்: 5யா + 7 = −3. இரு பக்கமும் 3யா கழியுங்கள்: 2யா + 7 = −3 − 3யா. கணக்கு தயார், விடை உங்களுக்கு முன்பே தெரியும். இரண்டாவது வாரத்தில் அவன் உங்களுக்கு ஒரு கணக்கு உண்டாக்கிக் கொடுக்கட்டும். கட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கத் தெரியும்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம், 5 கணக்கு போதும். இரண்டு நாள் ஒரே படியில் தீர்பவை, பிறகு 3யா + 5 போன்றவை, பிறகு இரு பக்கமும் யா, பிறகு அடைப்பு, கடைசியில் பின்னம். ஒரு வகையில் தொடர்ந்து 10 கணக்கு பிழையில்லாமல் வந்தால் அந்த வகைக்கு மட்டும் இடைவரியை விட்டுவிட அனுமதியுங்கள். இடமாற்று முறையை அப்போது அவனே கண்டுபிடித்தது போல எடுத்துக்கொள்வான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாறிகள், பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வரும். ஒவ்வொன்றையும் நீக்கி நீக்கிக் கடைசியில் வந்து நிற்பது இந்த ஒரு மாறிச் சமன்பாட்டில்தான்.

இதையெல்லாம் செய்தும் பிழை தொடர்ந்தால் கீழிருந்து மேல் முறையில் எந்த வரி தப்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். −7 + 3, −6 − 6, (−2)(−3) மாதிரி இடங்களிலேயே திரும்பத் திரும்பத் தப்பினால் கோளாறு சமன்பாட்டில் இல்லை, முழுக்களில் (குறை எண்களும் சேர்ந்தவை). அப்போது சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல் பயிற்சிகளை ஒரு வாரம் போடச் சொல்லுங்கள். டியூஷன் ஆசிரியரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.